ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வையுங்கள்

சென்னையில் ஓவியக் கேலரி நடத்தும் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

சீசன் தொடங்கிவிட்டது. நகரத்தின் கேலரிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய கண்காட்சிகளைத் திறக்கிறீர்கள். அழைப்பிதழ்கள் கைமாறி கைமாறி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிடுகின்றன. 'அனைவரும் வருக' என்று போட்டிருப்பதை நம்பிக் கிளம்பி வந்தவன் என்ற முறையில் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வையுங்கள்.

உங்கள் நேரம் உங்களுக்கே தெரியும். காலை 11 மணிக்குத் திறப்பீர்கள், மாலை ஆறரை ஏழுக்கு அடைப்பீர்கள், உங்களில் பலருக்கு ஞாயிறு விடுமுறை. ஒரு கண்காட்சி பத்து நாளோ இரண்டு வாரமோ நடக்கும். வேலைக்குப் போகிறவனும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இதில் எந்த நேரத்தில் உள்ளே வர முடியும்? திறப்பு விழா மாலையில்தானே நடக்கிறது என்பீர்கள். அன்றைக்கு வாசலில் நிற்கிற கார்களைப் பார்த்தாலே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள்.

நான் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். வாரத்தில் மூன்று அரைநாள் வகுப்பு, மற்ற நாட்களில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறேன். வேலைநாளில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதென்றால் தலைமையாசிரியர், கல்வி அலுவலர் என்று அனுமதிக்கு அலைய வேண்டும். கணக்கு ஆசிரியரின் கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மிஞ்சுவது ஞாயிறுதான்.

அப்படித்தான் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் வரைகிற ஆறேழு பிள்ளைகளை மின்சார ரயிலில் ஏற்றி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்து உங்களில் ஒருவரின் கேலரிக்கு வந்தோம். கண்காட்சி நடக்கும் தேதிகளையும் நேரத்தையும் போஸ்டரில் போட்டிருந்தார்கள். ஞாயிறு இல்லை என்பதைப் போடவில்லை. கேட் பூட்டியிருந்தது. காவலாளி எழுந்து வந்து, "யாரைப் பார்க்கணும்?" என்றார். 'படத்தைப் பார்க்கணும்' என்பது அந்தக் கேள்விக்குப் போதுமான பதிலாக இல்லை. பிறகு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அவரே இறங்கிவந்தார். கேட்டைத் திறந்து கண்ணாடிக் கதவுவரை விட்டார். "உள்ள லைட்டு போட்டா கேமராவுல தெரிஞ்சிடும் சார், மேடம் கேப்பாங்க. இப்படியே பார்த்துக்கங்க."

இப்படியே பார்த்தோம். உள்சுவர் ஒன்று மறைத்ததில் ஒரு பெரிய கேன்வாஸின் இடது ஓரம் மட்டும்தான் தெரிந்தது. கருப்பில் தடித்து வளைந்த ஒரு கோடு, அதன் கீழே துருப்பிடித்த தகர நிறத்தில் ஒரு பட்டை. எட்டாம் வகுப்புப் பெண் அது மாட்டுக் கொம்பு என்றாள். பக்கத்தில் நின்றவன், இல்லை, லாரி மட்கார்டு என்று அடம்பிடித்தான். கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. ஒருத்தி படியில் உட்கார்ந்து நோட்டை விரித்து, தெரிந்த ஓரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மீதியைத் தானாக வரைந்து முடித்தாள். அது என்ன படம், வரைந்தவர் யார் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த ஞாயிறு வருவதற்குள் கண்காட்சியே முடிந்துவிட்டது.

இந்தப் பிள்ளைகள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில், ஸ்கேல் இல்லாமல் வெறுங்கையால் வரையும் ஃப்ரீஹேண்ட் தாள் எழுதப்போகிறவர்கள். பூச்சாடியும் செம்பருத்தி இலையும் நன்றாகவே வரைவார்கள். ஆனால் ஓர் அசல் ஓவியத்தை அருகில் நின்று பார்த்ததில்லை. போனில் எல்லாப் படமும் வழவழப்பாக உள்ளங்கை அகலத்தில்தான் தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வண்ணம் எங்கே மேடு தட்டியிருக்கிறது, எங்கே துணியின் இழை தெரியும்படி மெலிந்திருக்கிறது, முதலில் போட்ட பென்சில் கோட்டை ஓவியர் எந்த இடத்தில் மறைக்காமல் விட்டிருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். அதைக் காட்டத்தான் கூட்டி வந்தேன். கரும்பலகையில் அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஞாயிறு வாங்குகிறவர்கள் வருவதில்லை, ஊழியர்களுக்கும் ஓய்வு வேண்டாமா என்று நீங்கள் சொல்வீர்கள். வேண்டும்தான். வாடகையும் மின்கட்டணமும் உங்கள் தலையில் விழுவதும் தெரியும். திங்கட்கிழமை விடுமுறை விடுங்களேன். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இரண்டும் திறந்திருக்கும். இந்த ஊரில் வெள்ளைப்புலியை ஞாயிறன்று பார்க்கலாம், அருவ ஓவியத்தைப் பார்க்கத்தான் வழியில்லை.

ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போகலாமே என்று ஒருவர் சொன்னார். போகலாம்தான். ஆனால் திருவள்ளூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் போய்வர ஒரு முழுநாள் ஆகும். தவிர, நான் பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பது இப்போது வரைகிறவர்களின் படங்களை. சோழமண்டலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் அந்தக் கிராமத்தை உண்டாக்கியது, மெழுகு பூசிச் சாயம் தோய்க்கிற பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில். படம் விற்கும்வரை பிழைக்க வேண்டுமே என்று துணிக்குச் சாயம் தோய்த்தவர்கள் அவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லித்தான் இன்று உங்கள் கேட்டலாக்குகள் 'மெட்ராஸ் இயக்கம்' என்ற நவீன ஓவியப் போக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. மண், மரபு, மக்கள் என்றெல்லாம் நல்ல வார்த்தைகள் அவற்றில் இருக்கின்றன, அத்தனையும் ஆங்கிலத்தில். அந்த மக்களில் யாராவது சுவரில் ஒட்டியிருப்பதைப் படிக்க வருவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா என்றுதான் புரியவில்லை.

ஓவியர் ஆதிமூலம் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். அவருடைய கோடுகள் எங்களைப் போன்றவர்களுக்கு வந்துசேர்ந்தது வார இதழ் வழியாகவும் சிற்றிதழ் அட்டை வழியாகவும்தான். சலூனில் கிடந்த பழைய இதழிலிருந்து கிழித்து வைத்துக்கொண்டவர்கள் எங்களில் உண்டு. கேலரி எதுவும் அதைச் செய்யவில்லை. மெரினாவில் சிற்பி ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இலிருந்து நிற்கிறது. கேட் கிடையாது, நேரம் கிடையாது. சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். அதற்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் ஓவியக் கல்லூரியின் காவலாளி என்று சொல்வார்கள். இன்றைக்கு இருந்திருந்தால் உங்கள் கேட்டில் நின்று எங்களைத் திருப்பி அனுப்பும் வேலைதான் அவருக்குக் கிடைத்திருக்கும்.

ஓவிய ஆசிரியர்கள் நிலைமை தனிக்கதை. 2012இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி என்று எல்லாரும் அதில் அடக்கம். நிரந்தரம் கேட்டு இன்னும் கோட்டைக்கும் சேப்பாக்கத்துக்கும் நடையாய் நடக்கிறோம். அது உங்களிடம் கேட்க வேண்டியதல்ல. கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வையுங்கள். எல்லா ஞாயிறும் முடியாதென்றால் ஒவ்வொரு கண்காட்சியிலும் ஒரே ஒரு ஞாயிறு, காலை 11 முதல் மாலை 4 வரை போதும். அதுவும் சிரமம் என்றால் 'ஞாயிறு விடுமுறை' என்று அழைப்பிதழில் தமிழில் ஒரு வரி போட்டுவிடுங்கள். ரயில் செலவாவது மிச்சமாகும். டீ, பிஸ்கட் எதுவும் வேண்டாம். விளக்கிச் சொல்ல ஆள் தர வேண்டியதில்லை. பைகளை வெளியே வைத்துவிட்டு வருவார்கள். எதையும் தொட மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. முன்கூட்டியே கடிதம் வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் முத்திரையோடு வாங்கித் தருகிறேன்.

ஆண்டுத் தேர்வு நெருங்கினால் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஆகவே பிப்ரவரிக்குள் ஏதாவது ஒரு ஞாயிறு என்றால் எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பகுதிநேர ஓவிய ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
திருவள்ளூர் மாவட்டம்.