சங்க வகுப்பெடுக்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே, வணக்கம்.

போன மாதம் உங்கள் வகுப்பு ஒன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அமெரிக்கச் சங்கங்கள் சரிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அப்போது ஒரு இளம்பெண் எழுந்து, "1919 உருக்காலை ஸ்டிரைக்கில் கறுப்பினத் தொழிலாளர்கள் ஏன் வேலைக்குப் போனார்கள்?" என்று கேட்டார். "கருங்காலிகள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த ஒரு சொல்தான் இந்த மடலை எழுத வைத்தது.

முதலாளிகள் அடித்தார்கள், போலீஸ் அடித்தது, கோர்ட்டும் அடித்தது என்றீர்கள். அதில் பொய் இல்லை. 1920இல் ஏறக்குறைய 50 லட்சம் உறுப்பினர்கள். 1933இல் 30 லட்சத்துக்கும் கீழே. சங்கத்தில் சேரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் பல இடங்களில் வேலை. 'மஞ்சள் நாய் ஒப்பந்தம்' என்று தொழிலாளர்கள் காறித் துப்பிய அந்தத் தாளுக்கு 1917இலேயே உச்ச நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. 1922இல் ரயில்வே பணிமனைகளில் சுமார் 4 லட்சம் பேர் வெளியே வந்தபோது, வேலைக்குப் போகிறவனிடம் பேசி மனதை மாற்றுவதைக்கூடத் தடுத்து ஆணை வந்தது. அப்புறம், தொழிலாளி சங்கத்தின் பக்கம் போகாமல் இருக்க, நிர்வாகமே நடத்திய கம்பெனிச் சங்கங்கள், பென்ஷன், இன்சூரன்ஸ், பங்குப் பத்திரம்.

சரி, உருக்காலைக்கு வருவோம். உலை முன்னால் நாளைக்கு 12 மணி நேரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பகல் ஷிஃப்ட் இரவாக மாறும்போது, ஒரே மூச்சில் 24 மணி நேரம். 1919 செப்டம்பர் 22இல் தொடங்கிய ஸ்டிரைக்கில் சுமார் மூன்றரை லட்சம் பேர் இறங்கினார்கள். இயேசு கிறிஸ்துவே வந்தாலும் தன் ஊரில் சங்கக் கூட்டம் போட முடியாது என்று துகேன் என்ற உருக்காலை நகரின் மேயர் சொன்னதைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் அந்த ஆலைகளில் ஆள் சேர்க்க வந்தவை மொத்தம் 24 சங்கங்கள் என்பதைச் சொல்லவில்லையே! கொல்லருக்கு ஒன்று, கொதிகலன் செய்கிறவருக்கு ஒன்று, மின்வேலைக்காரருக்கு ஒன்று. சேர்ந்த ஆளை எந்தச் சங்கத்தின் கணக்கில் எழுதுவது என்பதே தனி வேலை. இயக்கம் தொடங்கியபோது ஒவ்வொரு சங்கமும் போட்ட பணம் 100 டாலர். யு.எஸ். ஸ்டீல் என்ற, நாட்டின் மிகப் பெரிய கம்பெனியோடு மோதப் போகிறவர்கள் போட்ட மொய் அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்வி. கம்பெனிகள் 30,000க்கும் மேற்பட்ட கறுப்பின, மெக்சிகோ தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கின. அதே காலத்தில் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பைச் சேர்ந்த பல சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. சில சங்கங்கள் அதைத் தங்கள் விதியிலேயே எழுதி வைத்திருந்தன. தன்னை உள்ளே விடாத சங்கத்துக்காக ஒருவர் எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும்? 1920 ஜனவரி 8இல், ஒன்றும் கிடைக்காமல், ஸ்டிரைக் கைவிடப்பட்டது.

1925இல் ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தாங்களே சங்கம் கட்டினார்கள். மற்றச் சங்கங்களுக்குச் சமமான முழு அங்கீகாரத்தைக் கூட்டமைப்பு அவர்களுக்குக் கொடுக்க 1935 ஆயிற்று. பத்து வருஷம்!

இன்னொன்று. கார் ஆலை வரிசையில் நின்று நாள் முழுக்க ஒரே திருகை முடுக்குகிறவன் எந்தத் தொழிலில் சேர்த்தி? தொழிலுக்கொரு சங்கம் என்ற கணக்கில் அவனுக்கு இடமே இல்லை. 1935 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கூட்டமைப்பின் மாநாட்டில் இதே வழக்குதான். ரப்பர் ஆலைப் பிரதிநிதி பேசிக்கொண்டிருந்தபோது தச்சர் சங்கத் தலைவர் ஹட்சிசன் குறுக்கே விழுந்து நிறுத்தப் பார்த்தார். சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஜான் லூயிஸுக்கும் அவருக்கும் பேச்சு தடித்தது. லூயிஸ் குத்தே விட்டுவிட்டார். மூன்று வாரத்தில், ஆலையில் உள்ள எல்லோரையும் ஒரே சங்கத்தில் சேர்க்க சி.ஐ.ஓ. குழு உருவானது. சங்கம் சேரும் உரிமைக்குப் பாதுகாப்புக் கொடுத்து அந்த வருஷம் வந்த வாக்னர் சட்டமும் கைகொடுத்தது, மறுக்கவில்லை. 1937 மார்ச்சில் அதே யு.எஸ். ஸ்டீல், ஸ்டிரைக் இல்லாமலே, சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது.

அந்தப் பெண் அடுத்த வகுப்புக்கும் வருவாராம், வெளியே வரும்போது சொன்னார். அவர் கேள்வி அப்படியே நிற்கிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள்.

தோழமையுடன்,
கடைசி வரிசைக்காரன்