கயலின் வாடகைப் பல்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவனுக்குப் பத்து வயதாகியும் மேல் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் முளைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். காத்திருக்காதே, ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடு. கயலுக்கும் இதே கதைதான். "லேட்டாக முளைக்கும்" என்று மாமியார் சொன்னதை நம்பி நானும் இருந்துவிட்டேன். பதின்மூன்று வயதில் எடுத்துப் பார்த்தால், வலது பக்கம் அந்தப் பல் தாடைக்குள்ளேயே இல்லை. பிறவியிலேயே உருவாகவில்லையாம்.

கம்பி போட்டு இழுத்தால் சந்து மூடிவிடும் என்றுதான் நினைத்தேன். சிலருக்குக் கோரைப்பல்லை முன்னால் நகர்த்தி, கூர்மையைத் தேய்த்து அப்படிச் செய்வதுண்டு. இவளுக்கு ஒரு பக்கம் மட்டும்தானே இல்லை. இழுத்து மூடினால் முன்பற்களின் நடுக்கோடு அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும் என்றார் டாக்டர். அதனால் கம்பியில் குட்டி ஸ்பிரிங் ஒன்றைக் கோத்து, சந்தை இன்னும் அகலமாக்கினார்கள்! "காசு கொடுத்து ஓட்டையைப் பெரிசாக்குறதா?" என்று எங்கள் வீட்டில் ஒரே கேள்வி.

தேவையான இடம் கிடைத்ததும், அதே கம்பியில் ஒரு பொய்ப்பல்லைக் கட்டிவிட்டார்கள். எதையும் கடிக்காது, சும்மா தொங்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வாடகைப் பல். அது வந்த பிறகுதான் கயல் வாயை மூடாமல் சிரிக்கிறாள். தீபாவளிக்குத் திருட்டுத்தனமாக முறுக்கைக் கடித்து, கம்பியைப் பிடித்திருக்க பல்லில் ஒட்டிய பிராக்கெட் பெயர்ந்து, வாடகைப் பல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் நிரந்தரப் பல் பொருத்துகிற இம்பிளான்டை இப்போதே வைத்துவிடலாமே என்று கேட்டேன். கூடாதாம். அந்தத் திருகு எலும்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். தாடை வளர வளர மற்ற பற்கள் கீழே இறங்கும். இது மட்டும் மேலேயே தங்கிக் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி நிற்க இன்னும் நாலைந்து வருடம் ஆகும். அதுவரை சந்தைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. கம்பியைக் கழற்றும் முன் இன்னொரு எக்ஸ்ரே உண்டு. வெளியே சந்து சரியாக இருந்தாலும், உள்ளே வேர்கள் சாய்ந்திருந்தால் திருகுக்கு இடம் இருக்காதே. அப்புறம், பொய்ப்பல் பொருத்திய ரிடெய்னர், அதாவது பற்கள் நகராமல் பிடித்து வைக்கிற, கழற்றி மாட்டும் சாதனம். அதைக் கழற்றி எங்காவது வைத்து மறந்தால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து வந்துவிடும். பென்சில் டப்பாவையே வாரம் ஒருமுறை தொலைக்கிற பெண் இவள்! அதனால் பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டிவிடுகிற வகைப் பொய்ப்பல்லையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. வரும்போது சீடை வேண்டாம், அதிரசம் கொண்டு வா.

அன்புடன்,
வசந்தா