சுவர்ணகுமாரி தேவியின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் வெளியிட நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். வங்க மொழியில் நாவல் எழுதப் புகுந்த பெண்களுள் முன்னோடியும், 'பாரதி' மாத இதழின் ஆசிரியராகப் பதினோராண்டுகள் தொடர்ந்து இருந்தவரும், கல்கத்தாவின் உயர்குடிப் பெண்களைத் திரட்டி 1886இல் 'சகி சமிதி' என்னும் தோழியர் சங்கத்தை நிறுவியவருமான சுவர்ணகுமாரி தேவியின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதி, அவருடைய எழுத்துகளிலிருந்து தேர்ந்த ஒரு பகுதியை வங்காளத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்துச் சேர்த்து, ஒரே நூலாக வெளியிட எங்கள் நூற்குழு முனைந்துள்ளது. வரலாற்றுப் பகுதி எழுதி முடிந்து திருத்தத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் மூன்றில் இரண்டு பங்கு நிறைவேறியிருக்கிறது. எஞ்சிய பணிக்கும் அச்சுச் செலவுக்கும் குழு உறுப்பினர்கள் தம் கையிலிருந்து போட்ட தொகை போதாது என்பதால் தங்களை அணுகுகிறோம்.

யார் இவர் என்று கேட்பவர்களுக்கு 'இரவீந்திரநாத் தாகூரின் அக்காள்' என்று சொன்னால்தான் விளங்குகிறது. இத்தனைக்கும், தம்பி பெயரெடுப்பதற்கு வெகு முன்பே, 1876இல், 'தீப நிர்வாணம்' என்ற வரலாற்று நாவலின் மூலம் எழுத்துலகுக்கு அறிமுகமானவர் இவர். ஆசிரியர் பெயரில்லாமல் வந்த அந்த நாவலைப் படித்த மூத்த சகோதரர் சத்தியேந்திரநாத், அதை இன்னொரு சகோதரரான ஜோதிரிந்திரநாத் எழுதியது என்று எண்ணிப் பாராட்டிக் கடிதம் எழுதினாராம். வீட்டுக்குள்ளேயே அவரை அடையாளம் காண இவ்வளவு சிரமம் இருந்திருக்கிறது என்றால் வெளியில் கேட்க வேண்டியதில்லை. த. நா. குமாரசாமி, த. நா. சேனாபதி போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பால் பங்கிம் சந்திரரையும் தாகூரையும் வீட்டு எழுத்தாளர்களைப் போலவே படித்து வளர்ந்த தமிழ் வாசகர்களிடம் இவர் வந்து சேராதது ஒரு குறையே. சென்னைக்கு அவர் வராதவரும் அல்லர்: அவருடைய சிறுகதைகளின் ஆங்கிலத் தொகுப்பை 1919இல் வெளியிட்டது சென்னை கணேஷ் அண்ட் கம்பெனிதான். ஆனால் அச்சேறியவை ஆங்கிலக் கதைகள். அந்த நகரத்தின் மொழி அதில் இல்லை.

1855 ஆகஸ்ட் 28 அன்று கல்கத்தாவின் ஜோராசாங்கோவில் இருந்த தாகூர் குடும்ப இல்லத்தில் தேவேந்திரநாத் தாகூரின் மகளாகப் பிறந்த சுவர்ணகுமாரி, பள்ளிக்கூடம் சென்று படித்தவர் அல்லர். ஆசிரியர் அந்தப்புரத்துக்கே வந்து கற்பித்த, அக்காலத்துக்குப் புதுமையான ஏற்பாட்டில் வளர்ந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது, 1867இல், உள்நாட்டுப் பொருள்களையும் கைவினைகளையும் காட்சிக்கு வைத்த 'இந்து மேளா' தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் தாகூர் வீட்டு ஆண்கள் இருந்தார்கள். சிறு வயதிலேயே அவருக்குக் கணவராக வாய்த்த நதியா மாவட்டத்து ஜானகிநாத் கோஷால், வழக்கப்படி வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க மறுத்தவர். பின்னாளில் காங்கிரஸ் மகாசபையை நடத்துவதில் ஊக்கத்துடன் உழைத்தவர். தேசம் என்ற பேச்சு பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சில் பெண்களுக்கு என்ன வேலை என்பதைச் சுவர்ணகுமாரி தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

1884இல் ஜோதிரிந்திரநாத்தின் மனைவி காதம்பரி தேவி இறந்த துயரத்தில், 1877 முதல் குடும்பத்தார் நடத்திவந்த 'பாரதி' நின்றுபோகும் நிலைக்கு வந்தது. அதை ஏற்று நடத்தியவர் சுவர்ணகுமாரி. கதையும் கவிதையும் மட்டும் எழுதும் பெண்ணாக அவர் நின்றுவிடவில்லை. பூமியின் தோற்றத்தையும் விண்ணையும் பற்றிய அறிவியல் கட்டுரைகளை எளிய வங்காளத்தில் எழுதி 'பிருதிவி' என்ற நூலாக முன்பே வெளியிட்டிருந்தார். எங்கள் தொகுப்பில் இந்தக் கட்டுரைகளுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம். நாவல்களிலிருந்து சில அத்தியாயங்களை மட்டும் பிய்த்துக் கொடுப்பதைவிட, முழுமையான கட்டுரைகளும் சிறுகதைகளும் அவரை நன்றாகக் காட்டும் என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் நூலின் நடுநாயகமாக அமைவது சகி சமிதி. அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் கல்கத்தாப் பெண்கள் கிளைக்குச் சுவர்ணகுமாரி தலைவராக இருந்தார். அந்தக் கிளை கலைந்த பிறகு, அதே பெண்களின் உறவையும் பழக்கத்தையும் வீணாக்காமல் ஒரு பயனுள்ள சங்கமாக மாற்றினார். அதற்குப் பெயர் சூட்டியவர் தம்பி இரவீந்திரநாத். ஆதரவற்ற சிறுமிகளையும் விதவைகளையும் காப்பாற்றுவது, அவர்களுள் படிக்கக் கூடியவர்களைப் படிக்கவைத்து, வெளியே வராத பெண்களுக்கு வீடு தேடிச் சென்று பாடம் சொல்லித்தரும் ஆசிரியைகளாக ஆக்கி, சம்பளம் கொடுப்பது என்பவை சங்கத்தின் நோக்கங்கள். ஒரு விதவைக்குச் சோறு போடுவதோடு நிற்காமல் அவளைச் சம்பாதிக்க வைப்பதும், அவளைக் கொண்டே இன்னொரு வீட்டுக்குள் எழுத்தறிவைக் கொண்டுசேர்ப்பதும் ஒரே செலவில் முடிகின்றன. இதை யோசித்தவர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் என்பதில் ஐயமில்லை.

உறுப்பினர் சந்தா மட்டும் இதற்குப் போதவில்லை. அதற்காகத்தான் பெத்யூன் பள்ளி வளாகத்தில் 'மகளிர் சிற்ப மேளா' என்ற கைத்தொழில் கண்காட்சி நடந்தது. டாக்காவிலிருந்தும் சாந்திப்பூரிலிருந்தும் புடவைகள் வந்தன. கிருஷ்ணநகர், வீர்பூம் கைவினைப் பொருள்கள் வந்தன. காஷ்மீர், மொராதாபாத், காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பம்பாய் என்று வங்கத்துக்கு வெளியிலிருந்தும் சரக்குத் தருவிக்கப்பட்டது. விற்றவர்களும் பெண்கள், வாங்க வந்தவர்களும் பெண்கள். சந்தைக்குப் போய்ப் பழக்கமே இல்லாத வீட்டுப் பெண்கள், தாமே பொருளைப் பரப்பி, விலை சொல்லி, காசை எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டார்கள். 1888 டிசம்பரில் நடந்த மேளாவுக்கென்றே, பின்னாளில் கோகலே நினைவுப் பள்ளியை நிறுவிய சரளா ராயின் வேண்டுகோளை ஏற்று, இரவீந்திரநாத் எழுதிக் கொடுத்த இசை நாடகம்தான் 'மாயார் கேலா'. ஆண் வேடங்கள் உட்பட அத்தனை பாத்திரங்களிலும் பெண்களே நடித்தார்கள். தாகூரின் இசை நாடகங்களை ஆராய்பவர்கள் பலர் உண்டு; அவற்றுள் ஒன்று பெண்கள் சங்கம் ஒன்றின் நிதிக்காக எழுதப்பட்டது என்பதை அவர்கள் அடிக்குறிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சுதேசி இயக்கம் என்றால் 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த அந்நியத் துணி மறுப்பிலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கம். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, உள்நாட்டு நெசவையும் கைத்தொழிலையும் தேடிப் பிடித்து, விற்று, வந்த லாபத்தில் பெண்களைப் படிக்கவைத்த ஒரு சங்கம் கல்கத்தாவில் இயங்கியிருக்கிறது. தெருவில் ஊர்வலம் போகாததாலும், துணி கொளுத்தாததாலும், சிறை செல்லாததாலும் அது வரலாற்றுப் பாடங்களில் இடம்பெறவில்லை. எங்கள் நூல் சொல்லவிருப்பது இதைத்தான்: சந்தா வசூல், சரக்கு வரவழைத்தல், இதழுக்கு நேரத்துக்குக் கட்டுரை சேர்த்தல் ஆகிய சலிப்பூட்டும் காரியங்களாலான ஒரு தேசத் தொண்டு இருந்தது, அதை நடத்தியவர்கள் பெண்கள்.

1890இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் மருத்துவர் காதம்பினி கங்குலியுடன் சுவர்ணகுமாரியும் பிரதிநிதியாக அமர்ந்தார். எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க உரிமையில்லாத பெண்கள், நாட்டின் பிரதிநிதிகளாக மேடை ஏறிய தொடக்க நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. அந்தக் கூட்டத்தில் காதம்பினி நன்றியுரை சொன்னார்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். நாங்கள் எழுதியிருப்பது புகழ்மாலை அன்று. சகி சமிதி வசதியுள்ள வீட்டுப் பெண்களின் சங்கம். ஏழைப் பெண்கள் அதில் உதவி பெறுபவர்களாக வந்தார்களே தவிர, முடிவெடுப்பவர்களாக வரவில்லை. வேலைக்காரர்களும் ஆயாக்களும் நிறைந்த வீடு இல்லாதிருந்தால் நாவலும் இதழும் சங்கமும் ஒருவரால் ஒருசேர முடிந்திருக்குமா என்ற கேள்வியை நூல் தவிர்க்கவில்லை. மகள் சரளாதேவி சௌதுராணி தம் வாழ்க்கை நினைவுகளில், தாயின் அரவணைப்புக் கிடைக்காத பிள்ளைப் பருவத்தின் ஏக்கத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஏக்கத்தைப் பற்றித் தனியொரு இயல் இருக்கிறது. அதை நீக்கிவிடலாம் என்று குழுவுக்குள்ளேயே ஒரு கருத்து எழுந்தது. நீக்குவதில்லை என்று முடிவு செய்தோம்.

மகள்கள் இருவரும் தாய் தொடங்கியதை விட்டுவிடவில்லை. மூத்தவர் ஹிரண்மயி விதவைகளுக்கான கைத்தொழில் இல்லத்தை நிறுவினார். சரளாதேவி 1910இல் அலகாபாதில் 'பாரத் ஸ்திரீ மகாமண்டல்' என்ற அமைப்பைத் தொடங்கிப் பல ஊர்களுக்கு விரித்தார்; அதற்கு முன் மைசூரில் ஆசிரியையாகச் சிறிது காலம் இருந்து, தென்னாட்டு மெட்டுகளைச் சேகரித்துக்கொண்டு போய்த் தம் மாமன் இரவீந்திரநாத்திடம் கொடுத்தவரும் அவரே. சுவர்ணகுமாரி 1908 முதல் மீண்டும் சில ஆண்டுகள் 'பாரதி'க்கு ஆசிரியராக இருந்தார். 1927இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவருக்கு ஜகத்தாரிணி தங்கப் பதக்கம் அளித்தது; அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1932 ஜூலை 3 அன்று காலமானார்.

இனி செலவைப் பற்றி. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் அவருடைய எழுத்துகளுக்கு உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை; அந்த வகையில் ஒரு சுமை குறைவு. சுமார் 400 பக்கங்களில், கெட்டி அட்டைக் கட்டில், 1,200 படிகள் அச்சிடத் திட்டமிட்டுள்ளோம். காகிதம், அச்சு, கட்டுமானம் ஆகியவற்றுக்கு ரூ. 1,90,000 ஆகும் என்று அச்சகத்தார் மதிப்பீடு கொடுத்துள்ளனர். மொழிபெயர்ப்பாளர்கள் இருவருக்குமான மதிப்பூதியம் ரூ. 1,60,000. குழு உறுப்பினர் எவருக்கும் ஊதியம் இல்லை. ஆனால் வங்காளமும் தமிழும் அறிந்து மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு உழைப்பவர்களிடம் 'தொண்டாகச் செய்யுங்கள்' என்று கேட்பது முறையல்ல என்று கருதுகிறோம். மெய்ப்புத் திருத்தத்துக்கும் பதிப்பு வேலைக்கும் ரூ. 50,000, பழைய இதழ்ப் பக்கங்களையும் படங்களையும் படியெடுக்க ரூ. 40,000, நூலகங்களுக்கு இலவசமாக அனுப்பும் படிகளின் அஞ்சல் செலவுக்கு ரூ. 40,000 என ஆக மொத்தம் ரூ. 4,80,000. இதுவரை உறுப்பினர்கள் செலுத்தியது ரூ. 1,35,000. தேவைப்படுவது ரூ. 3,45,000.

எவ்வளவு தொகையானாலும் ஏற்றுக்கொள்வோம். ரூ. 1,000க்கு மேல் அளிப்பவர்களுக்கு நூலின் ஒரு படி அனுப்பப்படும். நன்கொடையாளர் பெயர்கள் தொகையைக் குறிப்பிடாமல் அகர வரிசையில் நூலின் இறுதியில் அச்சாகும். பெயர் வேண்டாம் என்பவர்கள் பணம் அனுப்பும்போதே தெரிவித்தால் போதும். வருமான வரிச் சலுகை பெறுவதற்கான பதிவு எங்கள் குழுவுக்கு இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பெறும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. நூல் வெளிவந்த மூன்று மாதங்களுக்குள் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும்.

திட்டமிட்ட தொகை சேராவிட்டால் படிகளின் எண்ணிக்கையைக் குறைப்போமே தவிர, மொழிபெயர்ப்புப் பகுதியைக் குறைக்க மாட்டோம். ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாங்கள் சொல்ல, அவர் எழுதியதை விட்டுவிடுவது பொருந்தாது. தொகை மிஞ்சினால் அது அரசு மகளிர் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்குக் கூடுதல் படிகள் அனுப்பச் செலவிடப்படும். வேறு எந்தத் திட்டத்துக்கும் திருப்பப்படாது.

பணமாக உதவ இயலாதவர்கள் வேறு வகையிலும் துணை செய்யலாம். 'பாரதி' இதழின் பழைய தொகுதிகளோ, 1919இல் சென்னையில் வந்த அந்த ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்போ தங்களிடமோ தங்கள் ஊர் நூலகத்திலோ இருந்தால் தெரிவியுங்கள். படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். வங்காளம் படிக்கத் தெரிந்தவர்கள் மெய்ப்பு ஒப்பிட முன்வந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

வங்கிக் கணக்கு விவரமும் ரசீதுப் படிவமும் இத்துடன் இணைத்த தாளில் உள்ளன. அச்சகத்தாருக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால், தை மாத இறுதிக்குள் நன்கொடைகள் கிடைக்குமாறு செய்ய வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நூற்குழுவினர்