குளத் திருப்பணி நிறைவு அறிக்கை: வடகரை ஏன் மண்கரையாகவே இருக்கிறது

சிவமயம்

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

நம் கோயில் குளத் திருப்பணி நல்லபடியாக முடிந்தது. சென்ற ஆண்டு தை மாதப் பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஒப்புதல் கொடுத்தபடி தூர் வாரி, மதகைச் சரிசெய்து, மூன்று கரைகளின் படித்துறையையும் பிரித்துக் கட்டினோம். ஐப்பசி மழையில் பதினோரு படி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. இந்த ஆண்டு தைப்பூசத்துக்குத் தெப்பமும் ஓடியது. தெப்பம் பார்க்க அழைத்துவந்த பெரியவர்கள் சிலர் கரையில் நின்று கண்கலங்கினார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே பட்ட பாடெல்லாம் தகும்.

வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்து தனித்தாளில் இணைத்திருக்கிறோம். கோபுர வாசல் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம். அதைப் படித்தால் உங்களுக்கு இரண்டு கேள்விகள் எழும். வடகரைக்குக் கருங்கல் வாங்க ஒதுக்கிய பணம் ஏன் மிச்சமிருக்கிறது? பள்ளிப் பிள்ளைகளை உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப்போன வேன் வாடகை எப்படித் திருப்பணிச் செலவில் ஏறியது? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

பங்குனிக் கடைசியில் குளம் வற்றியதும் பொக்லைன் இறக்கினோம். பூசை போட்டு, தேங்காய் உடைத்து, வேலையைத் தொடங்கிவைத்தபோது நம் உறுப்பினர்கள் இருபது பேராவது கரையில் இருந்திருப்போம். நான்காவதோ ஐந்தாவதோ வாளி மண்ணை லாரியில் கொட்டும்போது சேற்றோடு சேர்ந்து ஓர் ஆமை விழுந்தது. ஓடு பிளந்திருந்தது. பின்கால்கள் மட்டும் சிறிது நேரம் அசைந்துகொண்டிருந்தன. வண்டி ஓட்டிய தம்பி இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. தண்ணீர் வற்றினால் பாலாமை என்ற இந்த நன்னீர் ஆமை சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழை வரும்வரை அப்படியே கிடக்கும். ஊரில் எழுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். வேலைத் திட்டம் போட்ட நாங்கள் கேட்கவில்லை. தவறு குழுவுடையது. அதற்காக வருந்துகிறோம்.

அன்றே வேலையை நிறுத்தி வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். பாலாமை, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அதைப் பிடித்தாலோ கொன்றாலோ மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. பொரி தின்னக் கரையோரம் தலைநீட்டும் ஆமைக்கு இவ்வளவு மதிப்பா என்று எங்களில் பலருக்கு ஆச்சரியமாக இருந்தது.

வேலை நின்ற பதினாறு நாளில் ஊருக்குள் பேச்சு வேறு மாதிரிப் போனது. "ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள், கோயில் குளத்தில் எதற்கு ஆமை, மொத்தமாகப் பிடித்து ஏரியில் விட்டுவிடலாம்" என்று சிலர் சொன்னார்கள். பழமொழியில் வரும் ஆமை பொறாமை, கல்லாமை, இயலாமைதான் என்று நம் ஓதுவார் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். காஞ்சிபுரத்தில் திருமால் ஆமை வடிவில் சிவனை வழிபட்ட தலம் கச்சபேஸ்வரர் கோயில் என்று இருக்கும்போது, சிவன் கோயில் குளத்திலிருந்து ஆமையைத் துரத்துவது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்டார். பாதிப் பேர் சமாதானமானார்கள். மீதிப் பேருக்குப் பேச்சு போதவில்லை.

அப்போதுதான் நம் ஊர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். குளத்தில் கல்லெறிந்து விளையாடும் பிள்ளைகளையும், முடிவெடுக்கும் பெரியவர்களையும் ஒரே வண்டியில் ஏற்றி ஒருநாள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் போய்வரலாம் என்றார். அந்த வேன் வாடகைதான் கணக்கில் இருப்பது.

காலையில் வண்டலூர். அது 1855இல் எட்வர்ட் பால்ஃபர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. பிறகு சென்னையிலேயே பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், கடைசியில் 1985இல் வண்டலூர்க் காட்டுக்கு வந்தது. இன்று 602 ஹெக்டேர். நாம் சிறுவயதில் வேடிக்கை பார்க்கப் போன இடம்தான். ஆனால் இந்த முறை கேட்டு கேட்டுப் பார்த்தோம். சர்க்கஸ்களில் சாட்டையடி பட்ட சிங்கங்களை மீட்டு, அவற்றின் ஆயுள் முடியும்வரை வைத்துக் காப்பாற்ற அமைத்த மையம் அங்கே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கை இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள். பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரியில் கூண்டுக்கு வெளியே தானாக வந்து உட்காரும் பறவைகளைப் பார்த்தபோது, இடத்தைச் சரியாக வைத்திருந்தால் அழைக்காமலே வரும் என்று நம் கணக்குப்பிள்ளை சொன்னார். பிற்பாடு குளத்து வேலை நடந்தபோதெல்லாம் அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் வடநெம்மேலி முதலைப் பண்ணை. எங்கள் மனம் மாறியது அங்கேதான்.

1970களில் நம் நாட்டு முதலை இனங்கள் மூன்றும் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழியும் நிலைக்கு வந்திருந்தன. 1976இல் ரோமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் சேர்ந்து இந்தப் பண்ணையைத் தொடங்கினார்கள். முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து, பல மாநிலங்களின் நீர்நிலைகளுக்குக் கொடுத்தார்கள். சதுப்புநில முதலை அங்கே அவ்வளவு பெருகி, பிற்பாடு விடுவதற்கு இடம் போதாமல் இனப்பெருக்கத்தையே கட்டுப்படுத்த வேண்டி வந்தது. முதலைகளோடு அருகிவரும் ஆமை இனங்களையும் அங்கே வளர்க்கிறார்கள். அந்த வளாகத்திலேயே இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பிலிருந்து விஷம் எடுப்பதையும் பார்த்தோம். தோலுக்காகப் பாம்பு பிடித்த தொழில் சட்டத்தால் நின்றுபோக, 1978இல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். இப்போது பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துவிட்டு, சில வாரத்தில் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் மருந்து அந்த விஷத்திலிருந்து தயாராவது. எங்கள் வேனில் வந்த ஒரு அம்மாவின் மகன் போன வருடம் கண்ணாடிவிரியன் கடித்துப் பிழைத்தவன். அவர் பாம்புகளை வைத்திருந்த மண்பானைகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

முதலைத் தொட்டிகளில் தண்ணீரை ஒட்டி மணல்மேடு விட்டிருந்தார்கள். பெண் சதுப்புநில முதலை தண்ணீரிலேயே முட்டையிட முடியாது, கரையேறிக் குழி தோண்டித்தான் இடும் என்று விளக்கினார்கள். அதைக் கேட்டதும் நம் பொருளாளர் எங்களைத் தனியே அழைத்தார். இந்தப் பயணமே வீண்செலவு என்று கூட்டத்தில் எதிர்த்தவர் அவர். "சின்ன வயசுல நம்ம வடகரை மண்ணுல ஆமை முட்டை ஓடு கிடக்கும்ப்பா. பெரிய கோலிக்குண்டு மாதிரி இருக்கும். நாலு பக்கமும் கல்லு வெச்சுக் கட்டிட்டா அது எங்க போய் முட்டை வைக்கும்?" என்றார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் வேனில் இதே பேச்சுதான்.

சித்திரை அவசரக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை அசாம் மாநிலத்து விஷயம் ஒன்றைச் சொன்னதும் நினைவிருக்கும். வராதவர்களுக்காக இங்கே எழுதுகிறோம். அங்கே கரும் மெல்லோட்டு ஆமை என்று ஓர் இனம். இயற்கையான நீர்நிலைகளில் அது அற்றுப்போய்விட்டது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2002இல் அறிவித்தது. ஆனால் ஹாஜோ ஹயக்ரீவ மாதவர் கோயில் குளத்திலும் நாகசங்கர் கோயில் குளத்திலும் அது உயிரோடு இருந்தது. பக்தர்கள் அதைத் தெய்வமாக நினைத்துத் தொடாமல் விட்டதால் தப்பியது. பிறகு கோயில்காரர்களும், ஆமை ஆய்வாளர்களும், குவாஹாத்தி உயிரியல் பூங்காவும் கைகோத்து, முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் காட்டு நீர்நிலைகளில் விடுகிறார்கள். ஒரு கோயில் குளம் இவ்வளவு பெரிய காரியம் செய்ய முடியும் என்றால், நம் குளத்தில் இருப்பதை அழிக்காமலாவது இருக்கலாமே என்றுதான் அன்று கூடியிருந்தவர்கள் எல்லோரும் கைதூக்கினோம்.

சரி, வேலை எப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன். பொக்லைனைத் திரும்ப இறக்கும் முன் சேற்றிலிருக்கும் ஆமைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். வனத்துறை ஊழியர்கள் முன்னிலையில், ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் பெரியவர் ஒருவரும் அவருடைய உறவினர் நால்வரும் வந்து அதைச் செய்துகொடுத்தார்கள். கடப்பாரையோ கம்பியோ எதையும் தொடவில்லை. வெறுங்காலால் சேற்றை மிதித்து மிதித்துப் போனார்கள். எப்படித் தெரிகிறது அய்யா என்று கேட்டதற்கு, "மிதிச்சா கல்லு சும்மா இருக்கும் சார், ஆமை இருந்தா உள்ளங்கால்ல ஒரு மூச்சு தெரியும்" என்றார். எங்களில் இருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தோம். அரைநாள் முழுக்க மிதித்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவருக்கு ஐந்து நாளில் 37 பாலாமைகள் கிடைத்தன. முதுகு சேற்றின் நிறம், புரட்டினால் வயிறு பால்வெள்ளை. பெரியது ஒன்று அர்ச்சனைத் தட்டு அளவு இருந்தது. ஓட்டில் மூன்று வரம்பு ஓடும் காராமைகள் 9. எல்லாவற்றையும் ஈசானிய மூலையில் தனியாகக் குழி வெட்டி, லாரித் தண்ணீர் விட்டு, வலை கட்டி, வேலை முடியும்வரை வைத்திருந்தோம். கணக்கில் 'சேறு மிதித்த கூலி' என்று இருப்பது அந்த ஐவருக்குக் கொடுத்தது.

இன்னும் மூன்று ஆமைகள் அகப்பட்டன. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. அவை அமெரிக்க நாட்டு ஆமைகள். மீன் கடையில் ரூபாய் நாணயம் அளவில் விற்பதை வாஸ்துக்கென்று வாங்கி வளர்த்து, பெரிதானதும் புண்ணியமாகப் போகட்டும் என்று குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அது நம் ஊர் ஆமையின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அவற்றை வனத்துறையிடம் ஒப்படைத்தோம். தயவுசெய்து யாரும் வீட்டு ஆமையையும், தொட்டி மீனையும், ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் நம் குளத்தில் விடாதீர்கள்.

வடகரையை மண்கரையாகவே சரித்து விட்டோம். அடியில் காங்கிரீட் போடவில்லை. வாரிய வண்டலைக் கேட்ட விவசாயிகள் வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் படி இல்லாவிட்டால் குளத்தின் லட்சணம் கெடும் என்று ஸ்தபதி முதலில் ஒப்பவில்லை. அவர் கவலையும் நியாயமானதே. கடைசியில் கரையின் மேல்விளிம்பில் ஒரே ஒரு வரி கருங்கல் பதித்து எல்லை காட்டி, அதற்குக் கீழே அருகம்புல்லும் தண்ணீரோரம் கோரையும் வளர விடலாம் என்று அவரே வழி சொன்னார். ஆடிக் கடைசியில் ஆமைகளைத் திரும்ப விட்டோம். பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எண்ணிக்கொண்டே நின்றார்கள்.

அந்தப் பிள்ளைகள்தான் இப்போது குளத்துக்குக் காவல். மாதம் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து, நீர்மட்டம், தலைதூக்கும் ஆமை, வந்திருக்கும் பறவை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறார்கள். முக்குளிப்பான் ஒரு ஜோடி வந்திருக்கிறது. பொரி போடும் இடத்தில் நின்று, "அத்தை, பொரி மக்கித் தண்ணி கெட்டுப்போகுது, போடாதீங்க" என்று அவர்கள் சொன்னால் பக்தர்கள் கேட்கிறார்கள். நாங்கள் பலகை எழுதி வைத்தபோது கேட்காதவர்கள்! பரிகாரத் துணிக்குக் கரையில் தனித் தொட்டி வைத்திருக்கிறோம். அகல்விளக்குகளைப் படியில் ஏற்றாமல் மண்டபத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறோம்.

பாக்கி வேலை இரண்டு. மேற்கு வரத்துக் கால்வாயில் சுமார் அறுபது அடி அடைப்பு இன்னும் எடுக்கவில்லை. வடகரையில் மிச்சமான தொகையை அதற்குப் பயன்படுத்த உங்கள் ஒப்புதல் வேண்டும். பங்குனி முதல் ஞாயிறு கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம், அவசியம் வாருங்கள். அப்புறம், வடகரையில் வன்னிமரத்துக்குக் கீழே கம்பிவலை போட்டு மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தை மாதம் பிள்ளைகள் அங்கே ஆமை முட்டைக் குழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நாயும் கீரியும் தோண்டாமல் இருக்க வலை போட்டிருக்கிறோம். பொரிக்க மாதக்கணக்காகும். அதுவரை யாரும் வலையை நகர்த்த வேண்டாம். அந்தப் பக்கம் ஆடு மாடு கட்டவும் வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்,
குளத் திருப்பணிக் குழுவுக்காக