குரோசாவா நிறுத்திக்கொண்ட இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இயக்குநர்களின் தன்வரலாறுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படம் இருக்கும்போது எடுத்தவரின் வாழ்க்கை நமக்கு எதற்கு என்று கேட்கிறார் கட்டுரையாளர். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் தன்வரலாற்றை வைத்தே அவருக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

1923 செப்டம்பரில் நிலநடுக்கம் டோக்கியோவை அழித்தபோது குரோசாவாவுக்கு வயது 13. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவி, ஒரு பாவமும் அறியாதவர்கள் கொல்லப்பட்டார்கள். குரோசாவாவின் அக்கம்பக்கத்திலும் ஒரு கிணற்றைத் தொடக் கூடாது என்றார்கள். அதன் வெளிச்சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது கொரியர்களின் இரகசியக் குறி என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. அதைக் கிறுக்கியது சிறுவன் குரோசாவாதான்! பிறகு அண்ணன் ஹெய்கோ அவரைப் பிணங்கள் கிடந்த வீதிகள் வழியாக நடத்திச் செல்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ள விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டால்தான் பயம், நேராகப் பார்த்துவிட்டால் பயமில்லை என்பது அண்ணன் சொன்ன பாடம். ஒரே கொலையை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும் 'ராஷோமோன்' (1950) படத்தை இந்தப் பக்கங்களுக்குப் பின் மறுபடி பார்த்தேன். முதலில் புத்திசாலித்தனமான கதையமைப்பாகத் தெரிந்தது, இப்போது பெரியவர்கள் பொய்யை நம்பியதை நேரில் கண்ட ஒருவரின் நெடுநாள் கவலையாகத் தெரிந்தது.

எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் கடலோடு போனதைப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இடிந்த தேவாலயத்தின் முன்னால் பாடல் காட்சி எடுக்க வருகிறவர்களின் கேமரா அந்தக் கற்களை வெறும் அழகாகப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பார்க்கும் கண் எங்கிருந்து வந்தது என்பது படத்தில் தெரியத்தான் செய்யும்.

குரோசாவா தன் கதையை ராஷோமோனோடு நிறுத்திக்கொள்கிறார். அந்தப் படத்தை விரும்பாத தயாரிப்பு நிறுவனத் தலைவர், 1951-இல் அது வெனிஸில் பரிசு பெற்ற பிறகு, எல்லாம் தன்னால்தான் நடந்தது என்பதுபோல் தொலைக்காட்சியில் பேசுகிறார். மனிதன் தன்னைப் பற்றி உண்மை பேச இயலாதவன் என்று தன் படம் சொன்னதையே அங்கே கண்ட குரோசாவா, அந்த விதி தனக்கும் பொருந்தும் என்கிறார். இதற்குமேல் தன்னை அறிய விரும்புவோர் தன் பிற்காலப் படங்களின் பாத்திரங்களில் தேடட்டும் என்று முடித்துவிடுகிறார். கட்டுரையாளர் இதைத் தன் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் எழுதியவரே தன் சொல்லைச் சந்தேகிக்கச் சொல்லும் அந்தக் கடைசிப் பக்கங்களுக்கு, புத்தகத்தைப் படித்தவர்தானே வந்து சேர முடியும்? படத்தைப் பார்த்து, நூலைப் படித்து, திரும்பவும் படத்துக்கு வருவதே என் வழி.

ஒரு வேண்டுகோள். பழைய இராமநாதபுரம் மாவட்டத்து இளையான்குடியில் பிறந்த இயக்குநர் மகேந்திரன் 'சினிமாவும் நானும்' என்ற நூலை எழுதியிருக்கிறார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்த அவருடைய 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தையும் இந்த நூலையும் சேர்த்துவைத்து ஒரு விரிவான கட்டுரை வெளியிடுங்கள். அதை இதே கட்டுரையாளர் எழுதினால் மிகவும் மகிழ்வேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.