லடாக்கின் லே நகரில் இருக்கும் மகளுக்கு

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

அன்பு மகளுக்கு,

அங்கே இரவில் மைனஸ் 15 டிகிரி வரை இறங்குகிறது என்று நீ எழுதியதைப் படித்ததும் அம்மாவுக்கு உன் உடம்பைப் பற்றிய கவலை வந்தது. எனக்கு, மறைப்பானேன், கேமராவைப் பற்றியும் வந்தது. பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும்.

அரை மணியில் பாட்டரி தீர்ந்துவிட்டது என்று குறைப்பட்டிருந்தாய். அது தீரவில்லை. குளிரில் லித்தியம் பாட்டரியின் உள்தடை கூடி மின்னழுத்தம் சரிவதால், கேமரா அதைத் தீர்ந்ததாக எடுத்துக்கொள்கிறது. சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் சற்று நேரம் வைத்திருந்தால் பெரும்பகுதி மீண்டுவிடும். ஆனால் சில்லிட்டிருக்கும்போதே சார்ஜில் போட்டுவிடாதே; உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பாட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

என் உண்மையான பயம் ஈரத்தைப் பற்றியது. புதுச்சேரியில் ஒரு கல்யாணத்தில், ஏசி அறையில் மணப்பெண்ணைப் படமெடுத்துவிட்டுக் கடற்கரைச் சாலைக்கு வந்ததும் லென்ஸ் முழுவதும் ஆவி படர்ந்து, துடைக்கத் துடைக்க மறுபடி படர்ந்து, அந்தி வெளிச்சமே கைநழுவிப் போனதைச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? நம் ஊரில் அறையைவிட்டு வெளியே வரும்போது நேர்கிற அதே தொல்லை, அங்கே கணப்பு எரியும் அறைக்குள் நுழையும்போது நேரும்; கேமராவின் வயிற்றுக்குள்ளும் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே வாசலுக்கு வெளியிலேயே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை இறுக மூடிய பிறகே உள்ளே கொண்டு போ. நீர் பையின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகக் கோக்கும். இரண்டு மூன்று மணி நேரம் தொடாதே. மெமரி கார்டை முதலிலேயே கழற்றிக்கொள்; இல்லையென்றால் படம் பார்க்கிற ஆசையில் நீ பையைத் திறந்துவிடுவாய்.

லென்ஸை வாயால் ஊதித் துடைப்பது என்னிடமிருந்து உனக்கு ஒட்டிய கெட்ட பழக்கம். அங்கே மூச்சு அப்படியே உறைந்து கண்ணாடியில் படியும், பிரஷ் போதும்.

நீ அனுப்பிய பாங்காங் ஏரிப் படத்தில் பனி சாம்பல் பூத்திருந்ததற்குக் குளிர் காரணமல்ல. வெண்மை மிகுந்த காட்சியைக் கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் மங்கலாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி வைத்து மறுபடி எடுத்து அனுப்பு. ஸ்டுடியோவின் முன்கூடத்தில் அதற்கு ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா