கீல் ஆடுதுடா மாப்ள

டேய் மாப்ள,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு குண்டன் சொன்னான், சந்தோஷம். இங்க எல்லாரும் சௌக்கியம். பையன் டிரைவிங் கத்துக்கறான், அம்மணி பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு முருகனைக் கூப்பிட்டுட்டே வர்றா. ரொம்ப நாளா எழுதலைன்னு திட்டாத, இப்பவும் உன்கிட்ட ஒரு வேலை ஆகணும்னுதான் எழுதறேன், அதை முன்னாடியே சொல்லிடறேன்.

என் பாய்மரப் படகு, அந்த போட்டு விஷயம்தான். "நொய்யல்ல நீஞ்சத் தெரியாதவனுக்கு பாய்மரம் ஒரு கேடா"ன்னு போன தடவையே கேட்டுட்ட, புதுசா ஏதாவது யோசி.

என்னோடது கேட்டலினா 22. ஃபிராங்க் பட்லர்னு ஒருத்தர் டிசைன் பண்ணுனது, 15,000-க்கு மேல செஞ்சு வித்துட்டாங்க, பாய்மரப் போட்டுல இது நம்மூரு டிவிஎஸ் 50 மாதிரின்னு வெச்சுக்க. அடியில சுமார் 250 கிலோவுக்கு வார்ப்பிரும்புல ஒரு கீல் இருக்கு, போட்டு கவுந்துடாம தண்ணிக்குள்ள நீட்டிட்டு நிக்கற கனமான தகடு. அது முன்பக்கம் ஒரு இன்ச் பின்னுல மாட்டி, பின்பக்கம் ஒரே ஒரு ஸ்டெயின்லெஸ் கேபிள்ல தொங்குது. அந்தக் கேபிள் குழாய் வழியா உள்ள ஏறி படிக்கட்டுக்கு அடியில இருக்கற வின்ச்சுல, அதான் கைப்பிடி போட்டு சுத்தற உருளையில, சுத்தும். கீலை இறக்குனா 5 அடி ஆழம் வேணும், தூக்கிட்டா 2 அடி போதும். இங்க டெக்சாஸ் கரையில கால்வெஸ்டன் வளைகுடா முழுக்க சராசரியா 2 மீட்டர்தான் ஆழம், நடுநடுவுல சிப்பித் திட்டு வேற, அதனால இப்படித் தூக்கற கீல் இல்லாம இங்க பொழப்பு ஓடாது.

இப்ப கதைக்கு வர்றேன். கொஞ்ச நாளா அடியில "டொக்கு"ன்னு சத்தம். போட்டு ரிப்பேர் பண்ற யார்டுல ஒருத்தரைக் கேட்டா, குனிஞ்சுகூடப் பாக்கல, "கேபிளையும் வின்ச்சையும் மாத்திடு"ன்னு ஒரு ரேட் சொன்னாரு, அந்தக் காசுக்கு உன் பட்டறையில ஒரு பழைய லேத்தே வாங்கிடலாம். எனக்கு மனசு ஒத்துக்கல. ஏன்னா கேபிள் போடற சத்தம் வேற, கீல் கீழ இருக்கறப்ப வேகம் எடுத்தா தண்ணி அடிச்சு கேபிள் "ங்ங்ங்"னு ரீங்காரம் போடும், இந்த போட்டு வெச்சிருக்கற எல்லாருக்கும் அது பழக்கம். இது அப்படி இல்ல. காத்துல ஒரு பக்கமா சாஞ்சு ஓடறவரைக்கும் கம்முன்னு இருக்கும், திருப்பி அடுத்த பக்கம் சாஞ்ச உடனே ஒரே ஒரு டொக்கு. நங்கூரம் போட்டு நின்னா, கப்பல் கால்வாய்ல பெரிய கப்பல் போயி அந்த அலை வந்து ஆட்டறப்ப டொக்கு டொக்குன்னு விடாம அடிக்கும். அப்ப ஆட்டம் பக்கவாட்டுலடா. கேபிளுக்கு பக்கவாட்டுல என்ன வேலை? பின்னுலதான் கோளாறு.

போட்டை ஸ்டாண்டு மேல ஏத்தி, கீலை இறக்கி, நுனியைப் புடிச்சு ஆட்டிப் பாத்தேன். ஒரு இன்ச்சுக்கு மேலயே போகுது. கணக்குப் போட்டுப் பாரு, கீல்ல பின்னு நுழையற ஓட்டையோட நீளம் ஒரு 60 மில்லி, கீல் ஒன்றரை மீட்டர்னு வெச்சா, மேல பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவுல ஒரே ஒரு மில்லி கிளியரன்ஸ் ஏறுனாலே கீழ 25 மில்லி ஆடும். அப்புறம் அடியில கட்டையும் ஜாக்கியும் குடுத்து, பின்னோட ரெண்டு முனையையும் தாங்கற ஹேங்கரோட போல்ட்டைக் கழட்டி, பின்னை வெளிய எடுத்தோம். அதை உன் கையில குடுத்திருந்தா அரை மணி நேரம் உருட்டி உருட்டிப் பாத்திருப்ப. நடுவுல மேல்பக்கம் தேஞ்சிருக்கு, ரெண்டு முனையிலயும் கீழ்பக்கம் தேஞ்சிருக்கு. கீல் மேலருந்து பின் மேல உக்காருது, பின்னு ஹேங்கர் மேல உக்காருது, யார் யார் மேல பாரம் வெச்சாங்கன்னு அதுலயே எழுதி இருக்கு. நகத்தை வெச்சு இழுத்தா அந்தப் படி தட்டுது. வெர்னியர்ல நடுவுல 24.1, புதுசுல 25.4. கீல் ஓட்டை ஓவல் அடிச்சுப் போச்சு, உப்புத் தண்ணியில வெண்கலப் பின்னும் வார்ப்பிரும்புக் கீலும் ஒட்டிட்டு கிடந்தா அரிக்கறது இரும்பைத்தானே.

ஆனா யார்டுக்காரரும் முழுசாத் தப்பு இல்ல. கேபிளை ஒரு பழைய காட்டன் துணியால புடிச்சு உருவுனேன், கேபிள் முனையை பிரஸ் பண்ணி மாட்டுன டெர்மினல் கிட்ட துணி மாட்டிடுச்சு, நூல் நூலா விட்டுப் போயி ஊசியா நிக்குது. ஸ்டெயின்லெஸ்ஸுன்னு நம்பிடறோம், காத்துப் படாத அந்த பிரஸ் பண்ணுன இடத்துக்குள்ள உப்புத் தண்ணி தேங்குனா அதுவும் உள்ளுக்குள்ளயே அரிச்சுப் போகும், வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும்.

அதைப் பாத்த உடனே எனக்கு வேற எதுவும் ஓடலடா. உன் பட்டறையில அன்னைக்கு செயின் பிளாக் வழுக்குனது, செல்வம் கை, அதுதான் வந்துச்சு. இது அறுந்தா 250 கிலோ ஒரே வீச்சுல கீழ வந்து அடிக்கும், போட்டு அடியையே உடைச்சுப் போட்டுரும். வின்ச்சு பிரேக் வழுக்குனா கைப்பிடி சுத்தற சுத்துக்கு மணிக்கட்டு போயிரும். பையன்தான் எப்பவும் அந்த வின்ச்சுல உக்காருவான். சரி விடு. புது கேபிள் போடாம அவனை ஏத்தறதா இல்ல, கீலுக்குக் கீழ யாரும் தலையை நீட்டக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன், டிரெய்லர்ல போறப்பவும் கீல் டிரெய்லர் மேல உக்காந்துதான் வரணும், கேபிள்ல தொங்கக்கூடாது.

இப்ப உன் வேலை. ஓட்டையை ஒன்னேகால் இன்ச்சுக்கு போர் பண்ணி, உள்ள ஒரு இன்ச் உள் அளவுல புஷ், அதான் பின்னு சுத்தறதுக்கு ஒரு குழாய் மாதிரி, போட்டுடலாம்னு இருக்கேன், ரெண்டு பக்கமும் ஹேங்கருக்கும் கீலுக்கும் நடுவுல வாஷர் குடுத்து பக்க ஆட்டத்தையும் எடுத்துடலாம். சந்தேகம் என்னன்னா புஷ் கன் மெட்டல்ங்கற வெண்கலத்துலயா, டெல்ரின்ங்கற பிளாஸ்டிக்குலயா? நைலான் தண்ணி குடிச்சு உப்பிடும், பின்னைப் புடிச்சுக்கும், அதனால அது வேண்டாம். டெல்ரின் அவ்வளவு உப்பாதுங்கறாங்க, இரும்பையும் அரிக்க விடாது, ஆனா இவ்வளவு பாரத்துக்கு நிக்குமான்னு எனக்கு பயம். நீ பம்பு புஷ்ஷு எத்தனை வருஷமா கடையற, எப்பவும் தண்ணிக்குள்ள நிக்கறதுக்கு எவ்வளவு கிளியரன்ஸ் விடுவ? இன்னொன்னு, கீலைத் தூக்கி லேத்துல வெக்க முடியாது, இருக்கற இடத்துலயே போர் அடிக்கணும், கோணாம அடிக்க, கருவியை நேரா புடிச்சு வழிகாட்டற ஜிக் எப்படிப் போடறதுன்னு ஒரு படம் வரைஞ்சு அனுப்பு. கோணிட்டா கீல் குழிக்குள்ள ஏறாம ஒரு பக்கம் உரசும், அப்புறம் யார்டுக்காரர் மூஞ்சியில முழிக்க முடியாது.

குண்டன் பொண்ணு டிசம்பர்ல இங்க வர்றாளாம். கன் மெட்டல்தான்னு சொன்னா ரெண்டு புஷ் கடைஞ்சு அவ பெட்டியில போட்டு விடு, காசைப் பத்திப் பேசுன, அந்த ஹாஸ்டல் மெஸ் பில் விஷயத்தை உன் சம்சாரத்துகிட்ட சொல்லிருவேன்.

பதிலை வாய்ஸ் மெசேஜா போடாத, பாதி லேத் சத்தம்தான் கேக்குது. எழுதி அனுப்பு.

உன்
மொட்டை

பி.கு: புஷ் அளவு எல்லாம் இன்ச்சுலதான், மில்லிக்கு ரவுண்டு பண்ணித் தொலைச்சுடாத.